டிரை சால்டர் திரும்பத் திரும்ப வந்தால் சால்டர் கம்பியைப் பாருங்கள்

எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளை) போர்டில் டிரான்ஸ்பார்மர் காலைச் சுற்றி வளையமாக விரிசல், அதாவது டிரை சால்டர்: ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. மறுபடி ஈயம் வைத்தும் மணல்போல் சொரசொரப்பாகவே உறைந்தது. அயர்னில் குறையில்லை, கம்பியில்தான் குறை.

கையிலிருந்தது 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), 1.2 மி.மீ. தடிமன். இது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 அருகில்தான் முழுதாக உருகும். ஆறும்போது இந்த இடைவெளியில் கால் லேசாக அசைந்தாலே இணைப்பு கெட்டுவிடும். 63/37 கலவைக்கு இந்தக் கூழ்நிலை கிடையாது. 183-இல் உருகி அங்கேயே உறைகிறது. பழுது வேலைக்கு அதையே எடுப்பேன்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தேன். பிறகு ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) உள்ள 0.8 மி.மீ. கம்பி, முனை 350 டிகிரி. காலையும் பேடையும் (கால் ஒட்டும் செம்புத் திட்டு) சேர்த்து இரண்டு விநாடி சூடாக்கிய பின்தான் கம்பி. முனையில் உருக்கிக் கொண்டுபோய் ஒட்டினால் ஃப்ளக்ஸ் வழியிலேயே எரிந்துவிடும். அப்புறம் ஈயம் பந்தாக நிற்கும், பிடிக்காது. போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறிய எஸ்எம்டி பாகங்களுக்கு 0.5 மி.மீ. போதும்.

ஈயமில்லாத எஸ்ஏசி305 (வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை) உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். பளபளப்பும் குறைவு, அது பழுதல்ல. ஆனால் பழைய போர்டில் ஈயமுள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள்.

குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் போர்டுப் பக்கமே வரக்கூடாது. சில மாதங்களில் செம்புத்தடம் பச்சை பூத்து அறுந்துவிடும். கண்ணை எரிக்கும் புகை ரோசினுடையது, ஈயத்தினுடையதல்ல. ஈயம் கையில் ஒட்டும், சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.