சிலிண்டர் என்றைக்குத் தீரும்? இரண்டு மதிப்புகளிலிருந்து வெட்டுத்துண்டுகள் காண்பது

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்கு வரும்: ஒரு நேரிய சார்பில் எஃப்(4) = 11.8, எஃப்(10) = 8.2. இரண்டு அச்சுகளிலும் அதன் வெட்டுத்துண்டுகளைக் காண்க (அதாவது, அந்தக் கோடு ஒவ்வோர் அச்சையும் எங்கே வெட்டுகிறது என்று காண்க). வெறும் எண்ணாகப் பார்த்தால் இது எதற்கு என்று தோன்றும். மார்கழி உறைபனியில் குளிக்கிற வெந்நீரையும் அடுப்பிலேயே வைக்கும் ஊட்டி வீடுகளில் இதே கணக்கைத்தான் “கேஸ் இன்னும் எத்தனை நாள் வரும்?” என்று கேட்கிறார்கள்.

எக்ஸ் என்பது சிலிண்டரை மாட்டி எத்தனை நாள் ஆயிற்று என்பது. எஃப்(எக்ஸ்) என்பது உள்ளே மிச்சமிருக்கும் எரிவாயு, கிலோவில். 4-ஆம் நாள் 11.8 கிலோ, 10-ஆம் நாள் 8.2 கிலோ. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு எரிகிறது என்றால்தான் இது நேர்கோடு. நடுவில் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கோடு வளைந்துவிடும்.

படி 1: சாய்வு

மதிப்புகளின் வித்தியாசத்தை நாள்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

எம் = (8.2 − 11.8) ÷ (10 − 4) = −3.6 ÷ 6 = −0.6

ஒரு நாளைக்கு 600 கிராம் செலவு. குறைகிறது என்பதால் கழித்தல் குறி. மேலே எந்தப் புள்ளியை முதலில் எழுதினோமோ, கீழேயும் அதே புள்ளிதான் முதலில் வர வேண்டும்.

படி 2: ஒய்-வெட்டுத்துண்டு

இது எக்ஸ் = 0 ஆகும்போது வரும் மதிப்பு. 4-ஆம் நாளிலிருந்து நான்கு நாள் பின்னால் போனால் போதும்: சி = 11.8 + 4 × 0.6 = 14.2. வீட்டுச் சிலிண்டரில் நிரப்பித் தரும் எரிவாயு 14.2 கிலோதான். விடை தானே சாட்சி சொல்லிவிட்டது. ஆக, எஃப்(எக்ஸ்) = −0.6 எக்ஸ் + 14.2.

படி 3: எக்ஸ்-வெட்டுத்துண்டு

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எக்ஸ்-வெட்டுத்துண்டு என்றதும் எஃப்(0) கண்டுபிடிக்கப் போய்விடுகிறார்கள். எஃப்(0) என்பது எக்ஸ் சுழியாகும்போது வருவது, அதை ஏற்கெனவே கண்டாயிற்று. இப்போது சார்பின் மதிப்பே சுழியாக வேண்டும், அதாவது உள்ளே ஒன்றும் மிச்சமில்லை:

0 = −0.6 எக்ஸ் + 14.2
எக்ஸ் = 14.2 ÷ 0.6 = 71/3

அதாவது 23 நாள், அதற்கு மேல் ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. சூத்திரமாக வேண்டுமென்றால் −சி/எம். அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் −23.67 வரும். மாட்டுவதற்கு முன்பே தீர்ந்த சிலிண்டர் உண்டா? விடையை 23.67 என்று எழுதுவதைவிட 71/3 என்று பின்னமாகவே விடுங்கள். தேர்விலும் அதுதான் துல்லியம்.

கழித்தல் எண் உள்ளே வந்தால்

எஃப்(−3) = 13, எஃப்(5) = −3 என்று கொடுத்திருந்தால் சாய்வின் கீழ்ப்பகுதி 5 − (−3) = 8. அவசரத்தில் 5 − 3 = 2 என்று போடுவதுதான் வழக்கமான பிழை. சரியான சாய்வு −16 ÷ 8 = −2, தவறானது −8.

இதைப் பிடிக்க எளிய வழி, சி-யை இரண்டு புள்ளிகளிலிருந்தும் தனித்தனியாகக் காண்பது. சாய்வு −2 என்றால் முதல் புள்ளியில் 13 − 6 = 7, இரண்டாவதில் −3 + 10 = 7. ஒத்துப்போகிறது. −8 என்று வைத்தால் ஒன்றில் −11, மற்றதில் 37 வரும். சரியான சாய்வில் எக்ஸ்-வெட்டுத்துண்டு −சி/எம் = 7/2. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் கூட ஆகாது. வரைபடத்தாளில் கோடு போட்டுப் பார்ப்பதைவிட இதையே நம்பலாம், பென்சில் முனை தடித்தாலே 7/2 எங்கே என்று தெரியாது. இன்னொரு குறிப்பு: 13-உம் −3-உம் எதிரெதிர்க் குறிகள், ஆகவே எக்ஸ்-வெட்டுத்துண்டு −3-க்கும் 5-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். 7/2 அங்கேதான் இருக்கிறது.

எடை போடும்போது

தராசு காட்டுவது இரும்பும் எரிவாயுவும் சேர்ந்த எடை. காலி எடை சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் மாறும். அருகில் ஏ, பி, சி, டி எழுத்தோடு வரும் இரண்டு இலக்கம் எடையல்ல, அடுத்த பரிசோதனைக்கான காலாண்டும் ஆண்டும்.

காலி எடை 15.8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழிக்க மறந்தால் மதிப்புகள் 27.6, 24 என்று ஆகும். சாய்வு மாறாது, அதே −0.6. அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒய்-வெட்டுத்துண்டு 30, எக்ஸ்-வெட்டுத்துண்டு 50. கேஸ் 50 நாள் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் பாதி வழியில் அடுப்பு அணையும்.

சாய்வு சுழி என்றால், உதாரணமாக எஃப்(2) = 5, எஃப்(9) = 5, கோடு எக்ஸ் அச்சைத் தொடவே தொடாது, எக்ஸ்-வெட்டுத்துண்டு இல்லை. எஃப்(2) = 6, எஃப்(5) = 15 என்றால் சி சுழி, கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறது, இரண்டு வெட்டுத்துண்டுகளும் 0.

மலையில் ஒரு சிக்கல் கூடுதல். சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேனின் கொதிநிலை 0 டிகிரிக்குச் சற்றுத்தான் கீழே. உறைபனிக் காலையில் அது சரியாக ஆவியாகாததால், மிச்சம் இருக்கும்போதே தீ சிறுத்துவிடும். (அதற்காகச் சிலிண்டரைக் கொதிநீரில் வைக்காதீர்கள், ஆபத்து.) ஆகவே பதிவு செய்யும் நாளைக் கணக்கிட சுழிக்குப் பதில் 3 கிலோ மிச்சம் என்று வையுங்கள்: 3 = −0.6 எக்ஸ் + 14.2, எக்ஸ் = 11.2 ÷ 0.6, அதாவது 18 நாளும் கொஞ்சமும். 13-ஆம் நாள் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், காலி எடை போக 6.4 கிலோ இருந்தால் கோடு இன்னும் நேராகத்தான் போகிறது.