வவுச்சர் உள்ள புள்ளிவிபரம்

நான் இருப்பது வெள்ளவத்தையில். புறக்கோட்டைக் கடைக்காரரின் கணக்குகளை ஓடிட் செய்வது தொழில், லிவர்பூல் உதைபந்தாட்ட அணியின் பைத்தியம். உதைபந்தாட்டத்தை எண்களால் ஆராய்ந்து இணையத்தில் போடுகிறவர்களில் பலர் சம்பளமில்லாமல் நித்திரை முழித்துத்தான் அதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு ரசிகர் கைகொடுக்க நினைத்தால் லைக் போட்டுவிட்டுப் போவது காணாது. வவுச்சர் (அதாவது ஆதாரம்) உள்ள எண் எது, இல்லாத எண் எது என்று முதலில் பிரிக்கப் பழகுங்கள்.

எந்த எண்ணைக் கண்டாலும் "எத்தனையில் இது?" என்று கேளுங்கள். சார்ள்ஸ் ரீப் என்றொருவர் இருந்தார். பிரித்தானிய விமானப்படையில் கணக்காளர், எங்கள் தொழில்காரர்தான். 1950 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் சுவிண்டன் மைதானத்தில் பென்சிலும் கொப்பியுமாக ஆட்டத்தின் நகர்வுகளைக் குறிக்கத் தொடங்கியவர், பிறகு பல வருடங்கள் விடவேயில்லை. அவர் திரட்டியதில் சுமார் 80 வீதமான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் வந்தவை. ஆகவே பந்தை நீட்டி அடியுங்கள், பாஸ் பண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள் என்றார். ஆனால் அதே கொப்பிகளின்படி எல்லா நகர்வுகளிலும் 90 வீதத்துக்கும் மேலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகின்றன. அப்படியானால் மிச்சமிருக்கும் பத்து வீதத்துக்கும் குறைவான நீண்ட நகர்வுகள்தான் ஐந்தில் ஒரு கோலைத் தந்திருக்கின்றன! கீழே போட வேண்டிய எண்ணை, அதாவது மொத்த நகர்வுகளின் தொகையை, விட்டதால் முடிவு தலைகீழாகிப் போனது. உழைப்பில் குறையில்லை, பிரித்ததில்தான் பிழை. இன்றைக்கும் கண்ணில் படும் அரைகுறை ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

அடுத்தது பெனால்டி. என் பெறாமகன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். "சித்தப்பா, எங்கள் புரூனோ பெர்னாண்டஸ் 2020-21 சீசனில் லீக்கில் மட்டும் 18 கோல்" என்பான். அதில் 9 பெனால்டி என்றால் முகம் சுருங்கும். பெனால்டி நாலில் மூன்றுக்கும் சற்று அதிகமாகக் கோலாகிற விஷயம். ஆகவே அதைக் கழித்து, 90 நிமிடத்துக்கு எத்தனை என்று பார்த்தால்தான் இரண்டு வீரர்களைப் பக்கத்தில் வைத்துப் பேசலாம். கழித்த பிறகும் புரூனோ நல்ல ஆட்டக்காரர்தான், அதையும் அவனிடம் சொல்லிவிடுவேன்.

கொஞ்ச ஆட்டங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் அவதானமாக இருங்கள். 2014-15இல் யூர்கன் குளொப் பயிற்றுவித்த ஜேர்மன் அணியான டோர்ட்முண்ட் 17 ஆட்டங்களில் 15 புள்ளிகளுடன், 18 அணிகளில் 17ஆம் இடத்தில் கிடந்தது. எக்ஸ்ஜி கணக்கு வேறு கதை சொன்னது. ஒவ்வொரு ஷொட்டும் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்று பார்த்து, அப்படியானவை வழமையாக எவ்வளவு கோலாகும் என மதிப்பிடும் கணக்கு அது. அதன்படி டோர்ட்முண்ட் அவ்வளவு மோசமில்லை, அதிர்ஷ்டம்தான் கெட்டிருந்தது. சீசன் முடிவில் 46 புள்ளிகள், ஏழாம் இடம். 2015 ஒக்டோபரில் குளொப் எங்கள் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தார். நான் இதைச் சற்று நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆய்வாளரிடம் நடந்துகொள்ளும் விதம். உங்கள் அணிக்குக் கசப்பான முடிவு வரும்போது அவரைத் திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள். தரவு எங்கிருந்து, எந்தப் போட்டிகள், பெனால்டி கழித்ததா? நல்லவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். பதில் சொல்லாமல் கோபிக்கிறவரை விட்டுவிடலாம். பிழை கண்டால் ஆட்டத்தையும் நிமிடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். "பிழை" என்று மட்டும் எழுதினால் ஒருவருக்கும் உதவாது. வரைபடத்தைப் பகிரும்போது கீழே உள்ள பெயரை வெட்டாதீர்கள். காசு வாங்குகிறவராக இருந்தால், மாதத்துக்கு ஒரு கொத்துரொட்டிக் காசு அனுப்பினாலே அவருக்குப் பெரிய விஷயம். "நிச்சய வெற்றி" என்று பந்தயக் குறிப்பு விற்கிறவனுக்கு மட்டும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நீங்களே எண்ணிப் பார்த்தால் கண் இன்னும் திறக்கும். இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணி ஆட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 8.30, கோடையில் 7.30. ஒரு சீ.ஆர். கொப்பியில் பெனால்டிப் பெட்டியை வரைந்து, ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு புள்ளி, தலையால் அடித்ததற்கு வட்டம், கோலுக்குப் புள்ளடி. கணினி தெரிந்தவர்களுக்கு ஸ்டாட்ஸ்பொம் நிறுவனம் மெஸ்ஸி ஆடிய லா லிகா ஆட்டங்களின் தரவை இலவசமாகவே கொடுத்திருக்கிறது, எக்செல் பழகினவர்கள் அதிலிருந்து மெல்ல மேலே போகலாம்.

உள்ளூர் ஆட்டம் என்றால் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். தனியாகப் போனால் குனிந்து எழுதுகிற நேரத்தில் அடுத்த ஷொட் போய்விடும். படிகளில் உயரமாக, நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். முதுகிலக்கங்களையும் தொடக்க அணியையும் விசில் ஊதுமுன் எழுதிவிடுங்கள். பின்னேர மழைக்குப் பென்சில்தான் நல்லது, பேனை மை ஊறிப்போகும்.