தூங்குகிறவரின் விரலும் பூட்டிய போனும்

இரவு மணி இரண்டு. கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய வலது கட்டைவிரலை மெல்ல எடுத்துப் போனின் மீது வைக்கிறார் மனைவி. பூட்டு திறந்துகொள்கிறது. வாட்ஸ்அப்பில் 'கேஸ் ஏஜென்சி' என்ற பெயரிலிருந்து ஒரு செய்தி: 'சாப்பிட்டீர்களா?' சிலிண்டர் போடுகிறவர்கள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு இப்படி நலம் விசாரிப்பதில்லை.

சந்தேகம் சரியாகவே இருக்கட்டும். காலையில் கேட்டால் வரும் முதல் பதில், 'என் போனை ஏன் எடுத்தாய்?' என்பதுதான். அந்த நொடியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறிவிடுகிறார். கேஸ் ஏஜென்சி யார் என்ற கேள்வி கடைசிவரை வருவதேயில்லை. தப்பு செய்தவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பை யாரும் தர முடியாது. தப்பே செய்யாதவராக இருந்தாலோ, தூக்கத்தில் தன் விரலை எடுத்ததை அவர் எளிதில் மறக்கமாட்டார்.

போனை எடுக்கத் தூண்டிய ஏதோ ஒன்று அதற்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும்: பேச்சு குறைந்திருக்கும், சம்பளக் கணக்கு உதைத்திருக்கும். அதைக் கேளுங்கள்; பகலில், பிள்ளைகள் இல்லாதபோது. 'ஒரு மாதமாகக் குளியலறைக்கும் போனை எடுத்துப் போகிறீர்கள், எனக்கு உறுத்துகிறது' என்று சொல்ல எந்த பாஸ்வேர்டும் தேவையில்லை.

பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவதை அன்புக்கான சோதனையாக வைப்பவர்களும் உண்டு. மறைக்க நினைப்பவருக்குத் தானாக அழியும் செய்திகளும் இரண்டாவது சிம்மும் இருக்கின்றன. மேலும், மனைவியின் போனில் அவள் தங்கை தன் கடன் தொல்லையை எழுதியிருப்பாள். அதை அக்காவிடம்தான் சொன்னாள், அத்தானிடம் அல்ல.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் இருவரும் சமாதானமாகி ஊட்டிக்குப் போய் வந்துவிடுவீர்கள். அண்ணன் அடுத்த தீபாவளிக்கும் மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

உளவுச் செயலியைப் பதிப்பது வேறு ரகம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி, அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு அடுத்தவர் கருவிக்குள் நுழைந்தால் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தாலி கட்டியவருக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

கோர்ட்டில் உதவும் என்று நம்பி ஆதாரம் சேர்ப்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகள். பரமக்குடியில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களைக் கணவர் தாக்கல் செய்தார். தம்பதிக்குள்ளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை, அதை மீறிப் பெற்ற ஆதாரம் செல்லாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமோ, வேறொரு வழக்கில், துணையோடு பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது. இதைக் கேள்விப்பட்டு இனி எதையும் குடையலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். தான் பேசிய பேச்சைப் பதிவது ஒன்று, அடுத்தவர் போனுக்குள் போவது வேறு. வக்கீலைப் பார்க்கும் முன் எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

காவல் நிலையத்துக்கு ஓடுவதிலும் பலனில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபிறகு, திருமணத்துக்கு வெளியேயான உறவு குற்றமல்ல. ஆனால் விவாகரத்து கேட்க அது காரணமாகிறது.

கேட்டால் அடி விழும் என்ற நிலையில் இருக்கும் வீட்டுக்கு, 'பகலில் கேளுங்கள்' என்று மேலே சொன்னது பொருந்தாது. அங்கே முதலில் அழைக்க வேண்டியது 181, பெண்களுக்கான உதவி எண். ராத்திரி இரண்டு மணிக்கும் அழைக்கலாம்.