ரைட் விமானத்தைத் திருத்தாதீர்கள்

காகிதத்தில் ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தைச் செய்ய உட்கார்ந்தபோது முதல் கோணல் ஜெராக்ஸ் கடையிலேயே விழுந்தது. கிருஷ்ணகிரியில் வழக்கமாகப் போகும் கடைதான். வெட்டி ஒட்டும் பாகங்கள் வரைந்த ஐந்து தாளில் இரண்டை மட்டும் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடித்திருந்தார்கள். இறக்கை ஒரு அளவு, அதைத் தாங்கும் கம்புகள் வேறு அளவு. நூறு சதவீதம் என்று சொல்லி அச்செடுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 1:48 அளவில், அதாவது நிஜத்தில் 48-ல் ஒரு பங்காக, 12.3 மீட்டர் இறக்கை சுமார் 25.6 செ.மீ. வரவேண்டும்.

அடுத்தது முழுக்க என் புத்திசாலித்தனம். நடுவிலிருந்து அளந்தால் வலது இறக்கை 2 மி.மீ. நீளம். அச்சுப் பிழை என்று நறுக்கிவிட்டேன். பிறகுதான் படித்தேன்: நிஜ விமானத்திலேயே வலது பக்கம் 4 அங்குலம் நீளம். ஓட்டுபவர் இடதில் குப்புறப் படுத்திருப்பார், வலதில் எஞ்சின். எஞ்சின் அவரைவிடக் கனம். அதைத் தூக்கத்தான் அந்தக் கூடுதல் நீளம்.

இந்த விமானத்தில் தப்பாகத் தெரிவதில் பாதி, வேண்டுமென்றே செய்தது. இறக்கை நுனிகள் கீழே தொங்கும். நிமிர்த்தாதீர்கள், பக்கக் காற்று புரட்டாமலிருக்க அப்படி வைத்தார்கள். சக்கரமும் கிடையாது. சறுக்குக் கட்டைதான், தண்டவாளத்தின் மேல் ஓடிக் கிளம்பியது. உயர்த்தித் தாழ்த்தும் சிறு இறக்கைகள் முன்னால், புரொப்பல்லர்கள் பின்னால். "மாமா, இது ரிவர்ஸ்ல போற விமானமா?" என்றான் அக்கா பையன். புரொப்பல்லர் இரண்டும் எதிரெதிராகச் சுற்றும், அதனால் முறுக்கும் எதிரெதிர். இரண்டையும் ஒரே மாதிரி ஒட்டாதீர்கள்.

கைவேலையில் சொல்ல அதிகமில்லை. மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திவிட்டு மடியுங்கள். ஃபெவிகாலைக் குழாயிலிருந்து பிழியாமல் ஈர்க்குச்சி முனையில் தொட்டு வையுங்கள்; கூடினால் காகிதம் சுருங்கி இறக்கை அலையடிக்கும். இன்க்ஜெட் அச்சாக இருந்தால் ஈரவிரல் பட்டாலே சாயம் இழுக்கும். இறக்கைகளுக்கு இடையே கம்பிக்குப் பதில் கட்டும் தையல் நூலை விறைப்பாக இழுக்க ஆசை வரும். இழுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், நூல் தொய்யாமல் நின்றாலே போதும். அந்த நேரம் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

நறுக்கிய 2 மி.மீ. துண்டைக் குப்பையில் தேடியெடுத்து ஒட்டினேன். டிவி மேல் இருக்கிறது விமானம், வலது பக்கம் ஒட்டுத் தெரிகிறது.