ஒரே கதை, இரண்டு கட்சி: ரமணிசந்திரன் நாவல்களைக் கூடிப் பேசும் முறை

எங்கள் கோயில் மண்டபத்தின் தெற்குச் சுவரோரம் மர அலமாரி ஒன்று நிற்கிறது. ரங்கூனில் தமிழ்ப் புத்தகம் தேடி அலைவதைவிட, ஊருக்குப் போய்வரும் உறவினரின் பெட்டியில் இரண்டு நாவலுக்கு இடம் கேட்பது எளிது என்பதால், அப்படி வந்து சேர்ந்த புத்தகங்களே அதில் பெரும்பாலும் இருக்கின்றன. அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டப்பட்டு, அதிகம் கைமாறியவை காதல் கதைகளுக்குப் பெயர்போன எழுத்தாளர் ரமணிசந்திரனுடைய நாவல்கள். அதிகம் திட்டு வாங்கியவையும் அவையே. ஒருவர் திருப்பித் தரும்போது "இன்னும் இருக்கா?" என்று கேட்பார், அடுத்தவர் அதே புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு "இதையெல்லாம் ஏன் வாங்கி அடுக்குகிறீர்கள்?" என்பார். இந்த இரு தரப்பையும் ஒரே பாயில் உட்காரவைத்து, சண்டையாக முடியாத, வெறும் உபசாரப் பேச்சாகவும் தேய்ந்துவிடாத ஒரு வாசிப்புக் கூட்டத்தை நடத்துவது எப்படி என்பதை, சில ஆண்டுகளாகத் தவறு செய்து கற்றுக்கொண்டபடி இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை பேச்சின் எல்லையைச் சுருக்குவது. ரமணிசந்திரன் 1938இல் திருச்செந்தூரில் பிறந்தவர். தொடர்கதையாகவும் மாத நாவலாகவும் தனிப் புத்தகமாகவும் வெளிவந்த அவருடைய கதைகள் நூற்றைம்பதுக்கும் மேல். "ரமணிசந்திரன் எப்படி?" என்று கூட்டத்தில் கேட்டால், ஒவ்வொருவரும் தாம் எப்போதோ படித்த வேறு வேறு பத்துக் கதைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். எங்கள் முதல் கூட்டம் இப்படித்தான் வீணாயிற்று. இரண்டு மணி நேரம் வாதிட்ட பிறகு, ஒருவர் பேசியது எஸ்டேட் பங்களாக் கதை, மற்றவர் பேசியது ஒப்பந்தத் திருமணக் கதை என்று தெரிந்தது. ஆகவே ஒரே ஒரு நாவலைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரும்பிகள் தேர்ந்தெடுத்தால் சிறந்ததைக் கொண்டுவருவார்கள், வெறுப்பவர்கள் தேர்ந்தெடுத்தால் மோசமானதைக் கொண்டுவருவார்கள். எனவே கண்ணை மூடி அலமாரியிலிருந்து எடுப்பதே நேர்மையான வழி.

அடுத்த சிக்கல் பிரதி. எங்களிடம் எந்த நாவலுக்கும் ஒரு பிரதிக்கு மேல் இல்லை. நகலெடுத்துப் பங்கிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எழுதிப் பிழைப்பவரின் சோற்றில் கை வைப்பது போலாகும் என்பதால் நான் அதற்கு ஒப்பவில்லை. மாறாக, உரக்கப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, கடைகளும் தனியார் பள்ளிகளும் அடுத்தடுத்து அரசுடைமையானபோது, தமிழ்ப் பள்ளிகளில் எழுத்துக் கற்ற கடைசித் தலைமுறை உருவாயிற்று. அதற்குப் பின் வந்தவர்களுக்குக் கோயில்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நடந்த வகுப்புகளே கதி. இதனால் எங்கள் கூட்டத்தில் வீட்டில் தமிழ் சரளமாகப் பேசி, ஆனால் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் பலர். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு எந்த நாவலும் மெதுவாகத்தான் நகரும்; அவருடைய அலுப்பை ஆசிரியரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. வாரம் இரண்டு அத்தியாயம் என்று ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டால், எல்லோரும் ஒரே வேகத்தில் கதைக்குள் செல்கிறார்கள். வர்ணனை நிறைந்த பத்திகளைத் தாவிவிடும் பழக்கமும் இதில் நடக்காது. படிப்பவர் மட்டும் குரலில் கேலியைச் சேர்க்கக் கூடாது. ஒரு முறை நக்கலாகப் படித்துவிட்டால் அந்த அத்தியாயம் அதோடு செத்தது.

இனிக் கருத்தைத் திரட்டும் முறைக்கு வருவோம். எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். "பிடித்ததா, பிடிக்கவில்லையா?" என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் தம் தரப்பைத்தான் பதிலாகச் சொல்வார்கள். படித்தவள் என்று காட்டிக்கொள்ள விரும்பும் பெண் பிடிக்கவில்லை என்பாள், மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பிடித்தது என்பாள். அதற்குப் பதிலாக, கூட்டத்துக்கு முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து மூன்றை எழுதச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தத் தோன்றியது, எந்த இடத்தை மறுபடி படிக்கச் சொல்ல விரும்பினீர்கள், இந்தப் புத்தகத்தை வீட்டில் யாரிடம் கொடுப்பீர்கள், யாரிடம் கொடுக்க மாட்டீர்கள். பக்க எண் கட்டாயம். கருத்து எந்தப் பக்கத்தில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால், இரு கட்சியாகத் தோன்றுபவர்கள் பெரும்பாலும் இரு வேறு பக்கங்களைப் பற்றிப் பேசுபவர்களாகவே இருப்பார்கள்.

இந்த யோசனை எனக்குச் சொந்தமானதல்ல, கிழிந்த புத்தகங்களிடமிருந்து வந்தது. இந்நாட்டில் பேட்டைக்குப் பேட்டை பர்மிய நாவல்களை நாள் வாடகைக்குக் கொடுக்கும் சிறு கடைகள் இருந்தன. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் 1500 கியாட் (பர்மிய நாணயம்) என்ற மலிவு விலைக்கு சிம் கார்டு விற்கத் தொடங்கி, எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. கைமாறிக்கொண்டே இருக்கும் புத்தகத்தில் வாசகர்கள் எழுதாமல் இருக்க மாட்டார்கள். எங்கள் அலமாரியிலும் ஒரு நாவலின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் "அருமை" என்று ஒரு கை எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கை, "இவளுக்கு வாய் இல்லையா?" என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது கை அதற்குப் பதிலாக, "பக்கம் 112 பார்க்கவும்" என்று மட்டும் எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறது. 112ஆம் பக்கத்தில் கதாநாயகி முதல் முறையாக எதிர்த்துப் பேசுகிறாள். அந்த மூன்றாவது ஆளை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கூட்டத்தை அவரிடமே ஒப்படைத்திருப்பேன்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் குறைகள் சில வகையாக விழும். எல்லாவற்றையும் ஒரே எடையில் பேச வேண்டியதில்லை. "முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது" என்பது அடிக்கடி வரும் குறை. இதற்கு நேரம் செலவிடாதீர்கள். வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளி யாரை மணப்பாள் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்? காதல் நாவலில் சேர்வார்களா என்பது கேள்வியே ஆகாது. எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் ஒரு கதை மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது. "எல்லாக் கதையும் ஒரே அச்சு" என்பது இதன் தம்பி. அதற்கு மட்டும் ஒரு சிறு சோதனை வைக்கலாம்: இரண்டு நாவல்களின் கதாநாயகிகளுடைய பெயரை மாற்றி வைத்தால் எந்தக் காட்சி உடையும் என்று கேளுங்கள். உடையும் காட்சி உண்டென்றால் அந்தக் கதைக்குத் தனி உயிர் இருக்கிறது. எதுவுமே உடையவில்லை என்றால் குறை சொன்னவர் சொன்னது சரி. சில நாவல்களில் எதுவும் உடைவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நேரம் ஒதுக்க வேண்டிய குறை, கதாநாயகனின் நடத்தையைப் பற்றியது. பணக்காரனாகவும் முன்கோபியாகவும் வரும் நாயகன், விசாரிக்காமல் கதாநாயகிமேல் பழி சுமத்துவதும், தவறு தன்னுடையது என்று பின்னால் உணர்வதும் இவ்வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. எங்கள் கூட்டத்தில் இருபது வயதுப் பெண்ணொருத்தி இதை எடுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"அத்தை, அவன் ஒரு வார்த்தை கேக்காம கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான். இது எப்படிக் காதலாகும்?"

"அதுக்குத்தான் கடைசியில மன்னிப்புக் கேக்கிறானேம்மா."

"பதினெட்டு அத்தியாயம் கழிச்சா?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். மன்னிச்சுக்கோன்னு ஒரு தடவ காதால கேட்டதில்ல. கதையிலயாவது கேக்கிறேன்" என்றார்கள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, எழுந்து போய் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். இருவரும் தத்தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருத்தியின் வெறுப்பு நான்காம் அத்தியாயத்திலும் மற்றவரின் விருப்பம் கடைசி அத்தியாயத்திலும் பிறந்தவை என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெளிவாயிற்று. இத்தகைய இடத்தில் நடத்துபவர் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. சமாதானம் செய்யப் புகுந்து, "இருவர் சொல்வதும் சரிதான்" என்று நான் ஒரு முறை சொன்னதற்கு, இருவருமே என்மேல் கோபித்துக்கொண்டார்கள்.

கதை எழுதப்பட்ட ஆண்டைப் பார்ப்பது மற்றொரு அவசியமான வேலை. புத்தகத்தின் உள்ளட்டையில் முதற்பதிப்பு ஆண்டு இருந்தால் அதைக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். மறுபதிப்பு ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெற்றோரை இழந்த பெண், சித்தப்பா வீட்டில் அண்டி வாழ்ந்து, திருமணம் ஒன்றே வெளியேறும் வாசல் என்று நினைக்கும் கதையை இளையவர்கள் கேட்டுவிட்டு, "வேலைக்குப் போகலாமே, பங்கு கேக்கலாமே" என்பார்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு தந்த சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது. அதுவும் அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்கே. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. அதற்கு முன் எழுதிய கதையில் பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதற்கு ஆசிரியரின் மனப்போக்கு மட்டும் காரணமாகாது. அதற்குப் பின் எழுதிய கதையிலும் அவள் அப்படியே நின்றால், அப்போது குறை சொல்லலாம்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்தில் பெண் திருமணத்துக்குப் பின்னும் தன் பெயரையே வைத்துக்கொள்கிறாள், சந்தையில் கடை போட்டுக் கணக்கைத் தன் கையில் வைத்திருக்கிறாள், பௌத்த வழக்கத்தின்படி மகளுக்கும் மகனைப் போலவே சொத்தில் பங்கு உண்டு. அதைத் தினமும் பார்க்கும் பெண், நாவலில் அவன் "வா, போ" என்றும் அவள் "வாங்க, போங்க" என்றும் பேசுவதைக் கேட்டால் சிரிக்கிறாள். அதே பெண்ணின் அம்மாவுக்கோ, அந்த "வாங்க" என்ற சொல்லில்தான் தாம் பார்க்காத தமிழ்நாடு இருக்கிறது. ஊட்டியையும் கொடைக்கானலையும் மல்லிகைப்பூ முழத்தையும் இந்த நாவல்கள் வழியாகவே அறிந்தவர்கள் எங்களில் உண்டு. கதை எப்படியிருந்தாலும் தமிழுக்காகப் படிக்கிறேன் என்று சொல்பவரை இலக்கிய அளவுகோலால் அடிக்காதீர்கள். எளிய வாக்கியங்களில் ஓடும் அந்த நடை, தடுக்கி விழாமல் ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்த முதல் மகிழ்ச்சியைப் பலருக்குக் கொடுத்திருக்கிறது.

பேசும் வரிசையையும் கவனிக்க வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் இளையவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே வயதில் இளையவர் தொடங்கட்டும். ஆண்கள் சிலர் படிக்காமலேயே பழிக்க வருவார்கள். பக்க எண் சொல்லாதவருக்குப் பேச்சில்லை என்ற ஒரே விதி அவர்களுக்குப் போதும். எங்களிடம் அப்படி வந்த ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், விதிக்காகவே ஒரு நாவலை வாங்கிப் போனார். மூன்று நாள் கழித்து வந்து, அடுத்ததை அக்காவுக்கு வேண்டும் என்று கேட்டு எடுத்துப் போனார். அக்கா சென்னையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதிவையுங்கள். மதிப்பெண், நட்சத்திரம், பெரும்பான்மை எதுவும் வேண்டாம். எங்கள் நோட்டில் இருக்கும் குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது: "பக்கம் 41, நாயகன் விசாரிக்காமல் பழி சொல்கிறான். மூவருக்கு இங்கே நிறுத்தத் தோன்றியது. பக்கம் 188, மன்னிப்புக் கேட்கும் காட்சி. ஆறு பேர் மறுபடி படிக்கச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் 41இல் நிறுத்த நினைத்தவர். நால்வர் மகளிடம் கொடுப்போம் என்கிறார்கள், இருவர் மகனிடம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்." அடுத்து அந்தப் புத்தகத்தை எடுக்க வருபவருக்கு இதைக் காட்டினால் போதும், நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். கடைசி வெற்றுப் பக்கம் நிரம்பிவிட்டால், வெள்ளைத் தாளொன்றை அளவாக நறுக்கி, முதுகோரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பசை தடவி ஒட்டுங்கள். தாள் முழுவதும் தடவினால் ரங்கூன் மழைக்காலத்தில் அது ஊறிச் சுருண்டு, பின்னட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.