"ஆருக்க பிள்ளை?": பால்புதுமைக் கலைஞருக்கான தன்னறிமுகம்

குமரி மாவட்டத்தில் புதிதாக ஒருவரைக் காண்பவர் முதலில் கேட்பது பெயரை அன்று. "எந்த ஊரு? ஆருக்க (யாருடைய) பிள்ளை?" என்பதே இங்கு முதற்கேள்வி. விடை கிடைத்தவுடன் தெரு, சமயம், சாதி, சொந்தபந்தம் அனைத்தையும் கேட்டவர் தாமே ஊகித்துக்கொள்வார். பால்புதுமைக் (பாலின அடையாளத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காத) கலைஞராகவும் எழுத்தாளராகவும் சமூகச் செயற்பாட்டாளராகவும் அவைக்கு வரும் ஒருவர் தம் அறிமுகத்தை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டியது இதனால்தான். நாம் சொல்லாமல் விடும் இடத்தை ஊர் தன் விருப்பப்படி நிரப்பிவிடும்.

எப்படி எழுதுவது என்பதற்கு நம் கோயில் கொடை விழாக்களில் ஒலிக்கும் வில்லுப்பாட்டே போதுமான வழிகாட்டி. காப்புப் பாடிய பின் வருபொருள் உரைத்தல் (சொல்லப்போவதை முன்னறிவித்தல்), குருவடி பாடுதல் (கற்பித்தவரை வணங்குதல்), அவையடக்கம் (அவையிடம் பிழை பொறுக்கக் கேட்டல்) என்று சென்று, அதன் பிறகே புலவர் கதைக்குள் நுழைவார். உங்கள் வருபொருள் நீங்கள் செய்யும் வேலை. ஆகவே முதல் வாக்கியத்தில் என்ன வரைகிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "பன்முகக் கலைஞர்" என்பதைவிடக் "கரித்துண்டால் கடற்கரை வீடுகளை வரைகிறேன்" என்பது கேட்பவர் மனத்தில் நிற்கும். "செயற்பாட்டாளர்" என்ற சொல்லுக்கும் அவ்வாறே ஒரு செயல் துணையாக வேண்டும்: மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துவதோ, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் திருநங்கையருக்குத் துணையாக அலுவலகம் செல்வதோ எதுவாயினும் சரி.

அடுத்து அடையாளம். தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சொற்பட்டியலில் "பால்புதுமையர்" இடம்பெற்றுள்ளது. "குயர்" என்பதும் இளையோரிடையே புழக்கத்தில் உள்ளது. எனினும் இங்குள்ள கேட்போரில் பலர் இச்சொற்களைத் திருநங்கையரை மட்டும் குறிப்பனவாகக் கொள்வதால், உங்களுக்குப் பொருந்தும் பொருளை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுவது நல்லது. விளக்கம் இரண்டாம் வாக்கியத்துக்கு நீண்டால் அறிமுகம் வகுப்பாகிவிடும். இத்தகைய அறிமுகத்தால் சட்டச் சிக்கல் எழுமோ என்று அமைப்பாளர் தயங்கினால், வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்ததை எடுத்துச் சொல்லலாம். மேடையில் அதைச் சொல்லத் தேவையில்லை.

குருவடியில் ஒரு எச்சரிக்கை உண்டு. கற்பித்தவருக்கும் தோழருக்கும் நன்றி கூறும்போது, தம்மைப் பற்றி வெளியே சொல்லாதவரின் பெயரை அவர் இசைவின்றி உச்சரிக்கக் கூடாது. உங்கள் ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். சிற்றூரின் பெயரைச் சொன்னால் வீடு வரை அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், குடும்பத்தார் இன்னும் ஆயத்தமாகவில்லையெனில் "விளவங்கோடு வட்டம்" என்றோ, வெறுமனே "குமரி மாவட்டம்" என்றோ நிறுத்திக்கொள்ளலாம்.

அவையடக்கத்தை மட்டும் நான் பாதியாக வெட்டுவேன். பாட்டில் பிழை இருந்தால் பொறுக்குமாறு புலவர் கேட்பது அழகு. தாம் பிறந்தமைக்காக எந்தப் புலவரும் பொறுத்தருளக் கேட்பதில்லை. "என்னைத் தவறாக எண்ண வேண்டாம்" என்ற தொடர் உங்கள் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: "வணக்கம். கல்குளம் வட்டத்தில் வளர்ந்தேன். கரித்துண்டால் வீடுகளை வரைகிறேன், சிறுகதைகள் எழுதுகிறேன். நான் பால்புதுமையர்; ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் என்னை அடைத்துக்கொள்ளாதவர். மாதந்தோறும் மார்த்தாண்டத்தில் எங்களைப் போன்றோருக்காக ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறேன். இன்று மூன்று ஓவியங்களைப் பற்றிப் பேசுவேன்." பெயரை வணக்கத்துக்கு அடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பாளர் வாசிப்பதற்குப் படர்க்கையில் தனிப்படி ஒன்று தேவை. "அவர்", "கலைஞர்", "எழுதியுள்ளார்" ஆகியவை பால் காட்டாமலேயே மரியாதையையும் தருவதால், தமிழ் இங்கே நமக்குப் பாதி வேலையை முடித்துத் தருகிறது. "கவிதாயினி" போன்ற சொற்கள் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாளை அரைமணி நேரம் முன்பே கொடுத்து, எழுதியதை மட்டும் வாசிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பு மிகுந்த அறிவிப்பாளர்கள் "துணிச்சல் மிக்கவர்" என்று ஒரு சொல்லைத் தாமாகச் சேர்ப்பார்கள். அதன் பிறகு ஓவியத்தைப் பற்றி அவையில் எவரும் கேட்பதில்லை.