ஏசி குளிரவில்லையா? குழாயைத் தொட்டுப் பாருங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு ஏசிக்கு 11 வயது. சித்திரையில் குளிர் குறைந்தால், பார்க்க வருபவர் உடனே ‘கேஸ் குறைஞ்சிருக்கு சார்’ என்பார். குளிரூட்டும் இந்த கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது.

முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். அப்புறம் 15 நிமிடம் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் சேரும் இரண்டு செப்புக் குழாய்களையும் பாருங்கள். பருத்தது ஜில்லென்று வியர்த்திருந்தால் சரி. மெல்லியதில் மட்டும் பனி பூத்து, பருத்தது வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைவு, இல்லையேல் கேபிலரி எனும் நுண்குழாயில் அடைப்பு. அடைப்புக்கு கேஸ் ஏற்றிப் பயனில்லை.

குழாய் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கா? ஏசியை நிறுத்திவிட்டு சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு அங்கேதான். (நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று காயில் எனும் குழாய்ச் சுருளையே அரித்துவிடும், அது தனித் தலைவலி.)